அடுக்குமாடி தண்ணிய டெஸ்ட் பண்ணணும் – எங்க எடுக்கிறது, என்ன பார்க்கிறது?

செந்தூல்வாசி:
வணக்கம் எல்லாருக்கும். நாங்க மலேசியாவுல, கோலாலம்பூர் செந்தூல் பக்கம் ஒரு பழைய அடுக்குமாடியில இருக்கோம். கொஞ்ச நாளைக்கு முன்ன தண்ணி கட் பண்ணி மறுபடி விட்டாங்கல்ல, அதுல இருந்து காலையில பைப் திறந்தா முதல்ல தேத்தண்ணி கலர்ல வருது, அப்புறம் தெளிஞ்சிடுது. ஆனா வாளி அடியில தூள் மாதிரி படியுது, வெள்ளைத் துணியெல்லாம் மஞ்சளாகுது. மேனேஜ்மெண்ட்ல கேட்டா "அது ரோட்டு பைப்ல இருந்து வருது, நாங்க என்ன பண்றது"ன்னாங்க. தண்ணி கம்பெனிக்கு போன் அடிச்சேன், ஆள் அனுப்பினாங்க, அவரு கீழ மீட்டர்கிட்ட பிடிச்சு பார்த்துட்டு "இங்க நல்லாதான் இருக்கு, மீட்டருக்கு அப்புறம் உங்க பில்டிங் பொறுப்பு"ன்னு சொல்லிட்டு போய்ட்டாரு. ரெண்டு பேரும் கைய விரிச்சாச்சு.

இதுக்கு நடுவுல கீழ்த்தளத்துல ஒரு ஃபில்டர் கம்பெனிக்காரன் மேசை போட்டு உட்கார்ந்துட்டான். ரெண்டு கிளாஸ்ல தண்ணி, ஒன்னு எங்க பைப் தண்ணி, ஒன்னு அவன் ஃபில்டர் தண்ணி. கம்பி மாதிரி ஒன்ன உள்ள விட்டு கரண்ட் கொடுத்தான். எங்க தண்ணி கொஞ்ச நேரத்துல பச்சையும் பழுப்புமா நுரை தள்ளிடுச்சு, அவனோடது அப்படியே தெளிவா நிக்குது. "இதைத்தான் உங்க பிள்ளைங்க தினமும் குடிக்குதுங்க"ன்னு சொல்றான். பக்கத்து வீட்டு அக்காங்க நாலஞ்சு பேரு அங்கயே டெபாசிட் கட்டிட்டாங்க.

எனக்கு பயமும் இருக்கு, அந்த ஆள் மேல நம்பிக்கையும் வரல. நிஜமான டெஸ்ட் யாரு பண்றாங்க, எந்த பைப்ல பிடிக்கணும், என்னென்ன பார்க்கச் சொல்லணும்? யாராச்சும் செஞ்சிருந்தா சொல்லுங்க, ப்ளீஸ்.

கெப்போங்காரன்:
எங்க தாமான்லயும் அதே கதைதான் ப்ரோ. நல்லா திறந்து விட்டா ஒன்னு ரெண்டு நாள்ல சரியாயிடும். கொதிக்க வச்சு குடிங்க, போதும்.

லேப்_தங்கச்சி:
நான் தண்ணி டெஸ்ட் பண்ற லேப்லதான் வேலை செய்றேன், அதனால முதல்ல அந்தக் கரண்ட் கம்பி விஷயத்த சொல்லிடறேன், இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரியுது.

அந்தக் கருவியில ஒரு கம்பி இரும்பு. தண்ணியில கால்சியம், மக்னீசியம்னு சாதாரண உப்பு கனிமம் கரைஞ்சிருந்தா கரண்ட் ஓடும், கரண்ட் ஓடினா இரும்புக் கம்பி கரையும், அந்த கரைஞ்ச இரும்புதான் பச்சையாவும் பழுப்பாவும் வருது. அழுக்கு வந்தது உங்க தண்ணியில இருந்து இல்ல, அவன் கம்பியில இருந்து. அவனோட ஃபில்டர் ஆர்.ஓ., அதாவது மெல்லிய சவ்வு வழியா தண்ணிய அழுத்தி வடிக்கிறது, அதுல உப்பு ஏறக்குறைய எல்லாத்தையும் எடுத்துடறதால கரண்ட் ஓடாது, கலரும் வராது. அடுத்த தடவ அவன் வந்தா அவனோட அந்த சுத்தமான கிளாஸ்ல ஒரு சிட்டிகை சமையல் உப்பு போட்டு அதே கம்பிய விடச் சொல்லுங்க, எல்லார் முன்னாலயும். அதுவும் பழுப்பாயிடும்.

இன்னொன்னு, சொட்டு மருந்து விட்டதும் தண்ணி மஞ்சளாகும், "பாருங்க விஷம்"னு சொல்வாங்க. அது குளோரினுக்கான டெஸ்ட். மஞ்சள் வந்தா குளோரின் இருக்குன்னு அர்த்தம், அது இருக்கணும். நம்ம நாட்டு குடிநீர் தரத்துல ஃப்ரீ குளோரின் லிட்டருக்கு 0.2-ல இருந்து 5 மில்லிகிராம் வரைக்கும் இருக்கணும்னு போட்டிருக்கு. குறைஞ்சாதான் கவலைப்படணும்.

டி.டி.எஸ். மீட்டர்னு பேனா மாதிரி ஒன்னு காட்டுவாங்க, அது கரைஞ்ச உப்பு மொத்தம் எவ்வளவுன்னு கரண்ட் ஓடுற அளவ வச்சு கணக்குப் போடுது, அவ்வளவுதான். நம்ம தரத்துல 1000 மில்லிகிராம் வரைக்கும் ஓகே. கடையில காசு கொடுத்து வாங்குற மினரல் வாட்டர்ல வச்சாலும் நம்ம பைப் தண்ணிய விட நம்பர் கூடக் காட்டும், ஏன்னா அதுல கனிமம் இருக்கு. கிருமி இருந்தா அந்த மீட்டருக்குத் தெரியாது. ஈயம் 0.01 மில்லிகிராம்தான் எல்லை, அந்த அளவெல்லாம் முழு நம்பர் மட்டும் காட்டுற மீட்டர்ல எங்க தெரியும்.

உங்க கேஸ்ல பார்க்க வேண்டியது: கலங்கல், கலர், பி.ஹெச்., ஃப்ரீ குளோரின், இரும்பு, மாங்கனீஸ், அப்புறம் கிருமிக்கு டோட்டல் கோலிஃபார்மும் ஈ-கோலையும். பழைய பில்டிங்னா ஈயமும் சேர்த்துக்கோங்க. துணி மஞ்சளாகுறது இரும்புதான்னு நினைக்கிறேன், அதுக்கு எல்லை லிட்டருக்கு 0.3 மில்லிகிராம், மாங்கனீஸுக்கு 0.1. கலங்கல் 5 என்.டி.யு.-வுக்குள்ள (கலங்கல அளக்குற அலகு அது) இருக்கணும், அதுக்கு மேல போனா ஏறக்குறைய கண்ணாலயே தெரிய ஆரம்பிச்சிடும். கோலிஃபார்ம், ஈ-கோலை ரெண்டும் 100 மில்லியில ஒன்னு கூட இருக்கக் கூடாது. டோட்டல் கோலிஃபார்ம் மட்டும் வந்தா எங்கயோ வெளிய இருந்து மண்ணோ பூச்சியோ உள்ள போகுதுன்னு சந்தேகப்படணும், ஈ-கோலை வந்தா மலம் கலந்திருக்கு, அன்னைக்கே குடிக்கிறத நிறுத்தணும். ரெண்டுக்கும் வித்தியாசம் பெருசு.

செந்தூல்வாசி:
சிஸ்டர், ரொம்ப நன்றி, இவ்வளவு விவரமா யாரும் சொன்னதில்ல. உப்பு விஷயத்த நாளைக்கே செய்யச் சொல்றேன். டெபாசிட் கட்டுன அக்காங்களுக்கு திரும்ப கிடைக்குமா?

ஓய்வு_சுகாதாரம்:
வீட்டு வாசலுக்கு வந்து விக்கிறவங்ககிட்ட 300 வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல ஒப்பந்தம் போட்டிருந்தா நேரடி விற்பனைச் சட்டத்துல பத்து வேலை நாளுக்குள்ள ரத்து பண்ற உரிமை இருக்கு. கீழ்த்தளத்துல மேசை போட்டு வித்தது அதுல வருமான்னு உள்நாட்டு வர்த்தக அமைச்சு ஆபீஸ்ல ரெசிட்ட காட்டி கேளுங்க. நாள் தள்ளாம போங்க.

பழைய_பிளம்பர்:
தம்பி செந்தூல்வாசி, நான் இந்த வேலையில தலை நரைச்சவன். உன் பிரச்சனை எங்கன்னு நான் கே.எல். முழுக்க பார்த்திருக்கேன், சொல்றேன் கேளு.

ரோட்டு பைப்ல இருந்து தண்ணி மீட்டர் வழியா கீழ ஒரு சக்‌ஷன் டேங்குக்கு வருது, அங்க இருந்து பம்ப் தூக்கி மொட்டை மாடி டேங்குல போடுது, அங்க இருந்து இறங்கி உன் வீட்டுக்கு வருது. தண்ணி கட் ஆகும்போது ரோட்டு பைப் காலி, அப்புறம் திரும்ப அழுத்தமா வரும்போது பைப் சுவத்துல வருஷக்கணக்கா ஒட்டியிருந்த துருவும் சேறும் பெயர்ந்து வரும். அது ரெண்டு நாள்ல மீட்டர்கிட்ட தெளிஞ்சிடும், அதனாலதான் அந்த ஆள் நல்லா இருக்குன்னு சொன்னான், அவன் பொய் சொல்லல. ஆனா வந்த சேறெல்லாம் எங்க போச்சு? உன் சக்‌ஷன் டேங்க் அடியில உட்கார்ந்துக்கிச்சு. பம்ப் ஓடும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறும். டேங்க கழுவாம நீ வீட்டு பைப்ப மாசக்கணக்கா திறந்து விட்டாலும் நிக்காது.

நான் திறந்து பார்த்த டேங்குங்க எப்படி இருக்கும்னு சொல்லவா. மூடி உடைஞ்சு போய் அதுக்கு மேல ஒரு பலகை, பலகை பறக்காம இருக்க ரெண்டு செங்கல். ஓவர்ஃப்ளோ பைப் வாய்ல கொசுவலை இருக்காது, அதுக்குள்ள பல்லி, கரப்பான், ஒரு இடத்துல புறாக் குஞ்சு. அடியில விரல் மூழ்குற அளவு பழுப்புச் சேறு, கையில எடுத்து தேய்ச்சா மாவு மாதிரி வழுவழுன்னு இருக்கும், அதுல சிவப்பா சின்னச் சின்ன புழு நெளியும். இது எல்லாத்துக்கும் மேல குளோரின் வாசமே இருக்காது, ஏன்னா வெயில்ல டேங்க் சூடாகி, சேறும் அதைத் தின்னு, குளோரின் எப்பவோ போயிருக்கும். சில பழைய பில்டிங்ல சக்‌ஷன் டேங்க் தரைக்கு கீழ, பக்கத்துலயே மலக்குழி மேன்ஹோல். டேங்க் சுவத்துல வெடிப்பு இருந்தா மழை நாள்ல என்ன ஆகும்னு நீயே யோசி.

இன்னொன்னு, வீட்டுக்கு உள்ள ஜி.ஐ. பைப்பா (துத்தநாகம் பூசின இரும்பு) பி.வி.சி.யான்னு (பிளாஸ்டிக்) பாரு. பழைய ஜி.ஐ.ன்னா உள்பக்கம் துரு கட்டி ஓட்டை பாதியா சுருங்கியிருக்கும். காலையில முதல் தண்ணி மட்டும் கலரா வந்து அப்புறம் தெளிஞ்சா பாதி பங்கு உன் வீட்டு பைப்தான். நாள் முழுக்க தூள் வந்தா டேங்க்.

பத்துமலை_பையன்:
யாரும் கோச்சுக்காதீங்க, ஆனா இப்படி புழு, மலக்குழின்னு எழுதினா ஜனங்க பயந்து போய் இன்னும் நாலு பேர் அதே ஃபில்டர்தான் வாங்குவாங்க. நம்ம நாட்டுல தண்ணி சுத்திகரிச்சுதான் வருது, கவர்மெண்ட் டெஸ்ட் பண்ணாம விடறதில்ல. எங்க அப்பா அம்மா தோட்டத்துல கிணத்துத் தண்ணி குடிச்சு வளர்ந்தவங்க. பைப் தண்ணி மேல நம்பிக்கை போச்சுன்னா ஏழை ஜனங்களுக்குத்தான் செலவு.

ஓய்வு_சுகாதாரம்:
பத்துமலை தம்பி சொல்றதுல நியாயம் இருக்கு, பயம் வேணாம், ஆனா யாரு எது வரைக்கும் டெஸ்ட் பண்றாங்கன்னு தெரிஞ்சுக்கணும். நான் மாவட்ட சுகாதார ஆபீஸ்ல வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

1983-ல இருந்து சுகாதார அமைச்சு தேசிய குடிநீர்த் தரக் கண்காணிப்புத் திட்டம்னு ஒன்னு நடத்துது. சுத்திகரிப்பு ஆலைக்கு வர்ற ஆத்துத் தண்ணி, ஆலைய விட்டு வெளிய போற தண்ணி, குன்னு மேல இருக்கிற சேமிப்பு டேங்க் வாய், அப்புறம் ஊருக்குள்ள விநியோக பைப், இப்படி குறிச்சு வச்ச இடங்கள்ல ஆளுங்க போய் எடுப்பாங்க. குளோரின், கலங்கல், பி.ஹெச். அங்கயே நின்னு பார்ப்பாங்க, மத்தது இரசாயன இலாகா லேப்புக்கு போகும். தண்ணி கம்பெனி தனியா அவங்க லேப்ல பார்க்கிறாங்க. அவங்களுக்கு மேல ஸ்பான், அதாவது தேசிய நீர்ச் சேவை ஆணையம், 2006-ஆம் வருஷத்து சட்டத்துல வந்தது. ஆக ஆலையில இருந்து மீட்டர் வரைக்கும் பார்க்க ஆள் இருக்கு.

மீட்டருக்கு அப்புறம்? உங்க பில்டிங் டேங்க வழக்கமா வந்து டெஸ்ட் பண்ற கவர்மெண்ட் ஆள் யாரும் கிடையாது. கொத்தா வயித்துப்போக்கு வந்து கிளினிக்ல இருந்து தகவல் போனாத்தான் நாங்க அந்த டேங்க் மேல ஏறுவோம். அதுவும் வியாதி வந்ததுக்கு அப்புறம். நான் சர்வீஸ்ல இருந்த காலமெல்லாம் இதுதான் என் மனச அரிச்ச விஷயம். லட்சக்கணக்கான பேர் மாடி வீட்டுல இருக்கிற ஊர்ல கடைசி நூறு மீட்டர பார்க்க ஆளில்ல.

ஆலைக்கு மேல ஆத்துல நடக்குறதும் நம்ம கையில இல்ல, ஆனா அத அவங்க கண்டுபிடிச்சு நிறுத்துறாங்க. 2020 செப்டம்பர்ல ரவாங்ல சுங்கை கோங் ஆத்துல கரைப்பான் கழிவ ஊத்திட்டாங்க, நாத்தம் தெரிஞ்சதும் சுங்கை சிலாங்கூர் ஆலைங்க மூனும் ரந்தாவ் பாஞ்சாங்கும் மூடிட்டாங்க, பத்து லட்சத்துக்கும் மேல தண்ணி இணைப்புங்களுக்கு தண்ணி இல்ல. நமக்கு கோவம் வந்துச்சு, ஆனா நாத்தம் இருக்கிற தண்ணிய உள்ள விடாம நிறுத்துனது சரியான முடிவு. லங்காட் ஆத்துல அம்மோனியா ஏறும்போதும் அப்படித்தான் மூடறாங்க, ஏன்னா அம்மோனியா வந்தா போடற குளோரின அது தின்னுடும், கிருமிய கொல்ல மிச்சம் இருக்காது.

பிறை_அக்கா:
பினாங்குல இருந்து எழுதுறேன். நாங்க பிறையில ஒரு ஃப்ளாட்ல இருக்கோம், நாங்க இதை செஞ்சு பார்த்திருக்கோம், அதனால என் அனுபவத்த சொல்றேன்.

எங்க மாநிலத்துக்கு தண்ணி முக்கால்வாசிக்கும் மேல சுங்கை மூடாவுல இருந்துதான் வருது, சுங்கை டுவா ஆலையில சுத்தம் பண்ணி, தீவுக்குக் கூட கடலுக்கு அடியில பைப் போட்டுதான் போகுது. 2024 ஜனவரி 10-ஆம் தேதி அந்த ஆலையில பெரிய வால்வு மாத்துறதுக்காக மாநிலம் முழுக்க நாலு நாள் கட் வந்துச்சு, ஞாபகம் இருக்கும். எங்க ஃப்ளாட்ல மொட்டை மாடி டேங்க் அடி வரைக்கும் வத்திப் போச்சு, தண்ணி திரும்ப வந்ததும் அடியில கிடந்ததெல்லாம் கலக்கி எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வந்துடுச்சு. எங்க மாடியில பிள்ளைங்களுக்கு வயிறு சரியில்லாம போச்சு. அது தண்ணியாலதானா, வெளியில சாப்பிட்டதாலயான்னு யாராலயும் உறுதியா சொல்ல முடியல. அதனாலதான் டெஸ்ட் பண்ணிடுவோம்னு நாங்க பொம்பளைங்க சேர்ந்து காசு போட்டோம்.

லேப்காரங்க ஒரு நல்ல யோசனை சொன்னாங்க, ஒரே இடத்துல எடுக்காதீங்க, தண்ணி வர்ற வழி பூரா எடுங்கன்னு. மீட்டர் பக்கத்து பைப், சக்‌ஷன் டேங்க், மொட்டை மாடி டேங்க விட்டு வெளிய வர்ற பைப், ஒரு வீட்டு குசினி பைப். ரிசல்ட் வந்தப்ப கண்ணாடி போட்டுக்கிட்டு ஒவ்வொரு வரியா படிச்சோம். மீட்டர்ல குளோரின் நல்லா இருக்கு, கிருமி இல்ல. மொட்டை மாடியில குளோரின் இல்லன்னே சொல்லலாம், டோட்டல் கோலிஃபார்ம் இருக்கு. ஈ-கோலை எங்கயும் இல்ல, அதுல எல்லாருக்கும் உயிரே திரும்ப வந்துச்சு. அந்த ஒரே பேப்பர்ல தகராறு முடிஞ்சிடுச்சு. மேனேஜ்மெண்ட்ல இனி ரோட்டு பைப்னு சொல்ல முடியல. டேங்க் கழுவி, குளோரின் போட்டு, வலை மாட்டி, பூட்டுப் போட்ட மூடி வச்சாங்க, மறுபடி அதே இடத்துல எடுத்து பார்த்தோம், கோலிஃபார்ம் இல்ல.

ஒன்னே ஒன்னு சொல்றேன், லேப்க்கு எஸ்.ஏ.எம்.எம்., அதாவது மலேசிய லேப் அங்கீகாரத் திட்டத்தோட அங்கீகாரம் இருக்கான்னு கேளுங்க, அதுவும் நீங்க கேக்குற டெஸ்ட்டுக்கு இருக்கான்னு கேளுங்க. லேப்க்கு பொதுவா இருக்கும், ஆனா நீங்க கேக்குற ஐட்டம் லிஸ்ட்ல இருக்காது. விலை லேப்புக்கு லேப் மாறும், ரெண்டு மூனு இடத்துல கொட்டேஷன் வாங்குங்க.

குட்டிப்பையன்_அம்மா:
அக்கா, எனக்கு கைக்குழந்தை, பால் மாவு கலக்குறேன். நான் குசினி பைப்ல சின்னதா கரி ஃபில்டர் மாட்டியிருக்கேன், அப்புறம் கொதிக்க வைக்கிறேன். இது போதுமா? சில நேரம் தண்ணி பால் மாதிரி வெள்ளையா வருது, அது என்ன?

லேப்_தங்கச்சி:
வெள்ளையா வந்தா ஒரு கண்ணாடி கிளாஸ்ல பிடிச்சு வச்சு பாருங்க. அடியில இருந்து மேல தெளிஞ்சிக்கிட்டே போனா அது வெறும் காத்துக் குமிழி, பைப்ல அழுத்தம் கூடினா வரும், ஒன்னும் பண்ணாது. தெளியாம அடியில வெள்ளையா எதாச்சும் உட்கார்ந்தா அத விட்டுடாதீங்க, ஒரு பாட்டில்ல எடுத்து வைங்க.

கொதிக்க வைக்கிறது கிருமிக்கு ரொம்ப நல்லது, நல்லா தளதளன்னு கொதி வந்தா போதும், பாக்டீரியா, வைரஸ் எல்லாம் செத்துடும். ஆனா ஈயம், இரும்பு, நைட்ரேட் இதெல்லாம் கொதிச்சா போகாது, தண்ணி ஆவியாகி குறையறதால கொஞ்சம் கூடத்தான் ஆகும். அதனால பால் கலக்க, காலையில முதல் தண்ணிய எடுக்காதீங்க, ராத்திரி பூரா பைப்ல நின்ன தண்ணி அது, கொஞ்ச நேரம் ஓட விட்டுட்டு பிடிங்க, ஓட விட்டத வாளியில பிடிச்சு தரை கழுவிக்கலாம். ஹீட்டர்ல இருந்து வர்ற சுடுதண்ணிய பாலுக்கு எடுக்கவே எடுக்காதீங்க.

கரி ஃபில்டர் குளோரின் வாசத்த எடுத்துடும், குடிக்க நல்லா இருக்கும். ஆனா குளோரின எடுத்ததும் அந்த தண்ணிக்கு பாதுகாப்பு போச்சு, கரிக்குள்ளயே கிருமி வளரலாம், தேதி தாண்டின ஃபில்டர் இல்லாததவிட மோசம். மாத்த வேண்டிய தேதிய ஃபில்டர் மேலயே எழுதி ஒட்டிடுங்க. ஃபில்டர்ல வந்த தண்ணிய கொதிக்க வச்சு, மூடி வச்சு, அன்னைக்கே தீர்த்துடுங்க.

கமிட்டி_மெம்பர்:
நான் வேற ஒரு அடுக்குமாடியில ஜே.எம்.பி. (அடுக்குமாடிய நடத்துற கூட்டு நிர்வாகக் குழு) கமிட்டியில இருக்கேன். எங்க பக்கத்தயும் கேளுங்க. எல்லாரும் மேனேஜ்மெண்ட்ட திட்டுறாங்க, ஆனா எங்க இடத்துல பாதி வீட்டுக்கு மேல மெயிண்டனன்ஸ் காசு பாக்கி. லிஃப்ட் ரிப்பேர், குப்பை, ஜாகா (காவலாளி) சம்பளம் போக டேங்க் கழுவ என்ன இருக்கு? காசு கட்டாதவங்கதான் கூட்டத்துல முதல்ல கத்துறாங்க. நான் கேக்குறது, சட்டப்படி இது எங்க பொறுப்புதானா?

ஓய்வு_சுகாதாரம்:
உங்க கஷ்டம் புரியுது, சம்பளம் இல்லாம செய்ற வேலை அது. ஆனா ஆமாங்க, பொறுப்புதான். 2013-ஆம் வருஷத்து ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டம், அக்ட் 757, பொதுச் சொத்த நல்ல நிலையில வச்சிருக்கிறது ஜே.எம்.பி. கடமைன்னு சொல்லுது, எல்லாருக்கும் தண்ணி போற டேங்கும் பம்பும் பொதுச் சொத்து. பாக்கி வசூலிக்கவும் அதே சட்டம் உங்களுக்கு வழி கொடுத்திருக்கு. குடியிருக்கிறவங்க கேட்டும் நடக்கலன்னா கட்டட ஆணையர் ஆபீஸ்ல எழுத்துல புகார் கொடுக்கலாம், கே.எல்.ல அது டி.பி.கே.எல்., அதாவது மாநகராட்சி கீழ இருக்கு, அதுக்கு மேல ஸ்ட்ராட்டா தீர்ப்பாயம் இருக்கு.

செலவுன்னு தள்ளிப் போடுறவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லணும். கனடாவுல வாக்கர்ட்டன்னு ஒரு சின்ன ஊரு. 2000 மே மாசம் பெரிய மழை, மாட்டுச் சாணம் கரைஞ்சு ஊர் கிணத்துக்குள்ள போயிடுச்சு. குளோரின் அளவ தினமும் பார்க்க வேண்டிய ஆளுங்க பார்க்காமலே புத்தகத்துல நம்பர் எழுதிக்கிட்டு இருந்தாங்க. லேப்ல கெட்ட ரிசல்ட் வந்தும் சுகாதார ஆபீஸ்க்கு சொல்லல. 7 பேர் செத்தாங்க, ரெண்டாயிரத்துக்கும் மேல படுத்தாங்க, அதுல நிறைய பேர் பிள்ளைங்க. பணக்கார நாடு, குளோரின் போடுற கருவி, எல்லாம் இருந்துச்சு. குளோரின பார்க்கிற அஞ்சு நிமிஷ வேலைய செஞ்சிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும். அதனாலதான் கமிட்டிகிட்ட நான் கேக்குறது, பெரிய டெஸ்ட்டெல்லாம் அப்புறம், முதல்ல ஒரு குளோரின் கிட் வாங்குங்க. நீச்சல் குளம் சாமான் விக்கிற கடையில டி.பி.டி. மாத்திரைக் கிட் கிடைக்கும், தண்ணியில மாத்திரை போட்டா ரோஸ் கலர் வரும், அட்டையோட ஒப்பிட்டு பார்க்கணும். வாரத்துக்கு ஒரு தடவ மீட்டர்லயும் மேல் மாடி பைப்லயும் பார்த்து நோட்டீஸ் போர்டுல எழுதுங்க. மீட்டர்கிட்ட குளோரின் இருந்து, மேல இல்லன்னா டேங்க்ல கோளாறு. அதுக்கு லேப் வேணாம்.

கமிட்டி_மெம்பர்:
இது செய்யலாம். அடுத்த கூட்டத்துல வைக்கிறேன். டேங்குக்கு குளோரின் எவ்வளவு போடணும்?

பழைய_பிளம்பர்:
பெரிய டேங்க்னா லைசென்ஸ் உள்ள ஆளுங்கள கூப்பிடுங்க. சின்ன வீட்டு டேங்குக்கு சொல்றேன்: தண்ணிய வடிச்சு, தேய்ச்சு கழுவி, சேற மேல இருந்து எடுத்துடணும், வடிகால் பைப்ல தள்ளிடக் கூடாது. அப்புறம் ஆயிரம் லிட்டர் தண்ணி நிரப்பி 5 பெர்சன்ட் ப்ளீச் ஒரு லிட்டர் ஊத்துனா லிட்டருக்கு ஏறக்குறைய 50 மில்லிகிராம் குளோரின் வரும். வாசனை போட்ட ப்ளீச் வேணாம், மத்த டாய்லெட் கழுவுற ஆசிட் எதோடயும் கலக்கவே கூடாது, விஷ வாயு வரும். வீட்டு பைப் எல்லாம் வாசம் வர்ற வரைக்கும் திறந்து மூடி, ராத்திரி பூரா விட்டு, காலையில முழுசா வடிச்சு நல்ல தண்ணி விட்டு அலசணும். அந்த தண்ணிய யாரும் குடிக்கக் கூடாது, மீன் தொட்டியிலயும் ஊத்தக் கூடாது.

பத்துமலை_பையன்:
சரிங்க, ஒத்துக்கிறேன், இப்படி மீட்டர் வரைக்கும் ஒன்னு, அப்புறம் ஒன்னுன்னு பிரிச்சு சொன்னா பயம் வரல, வேலைதான் தெரியுது. எங்க பிளாக்லயும் கேட்டுப் பார்க்கிறேன்.

செந்தூல்வாசி:
எல்லாருக்கும் நன்றி. இன்னைக்கு சாயங்காலம் அந்த உப்பு விஷயம் நடந்துச்சு, அவன் முதல்ல விடமாட்டேன்னான், அக்காங்க சுத்தி நின்னுக்கிட்டாங்க. ஃபில்டர் தண்ணி பழுப்பாச்சு. மூனு பேர் ரெசிட்ட எடுத்துக்கிட்டு நாளைக்கு அமைச்சு ஆபீஸ் போறாங்க. எங்க மாடியில காசு சேர்த்தாச்சு, மேனேஜ்மெண்ட்டும் டேங்க் கதவுச் சாவி தர்றேன்னு சொல்லிட்டாங்க. வர்ற சனிக்கிழமை லேப்ல பாட்டில் கொடுத்துடுவாங்க, நாங்களே பிடிக்கணுமாம். எப்படி பிடிக்கிறதுன்னு சொல்லுங்க சிஸ்டர்.

லேப்_தங்கச்சி:
முடிஞ்சா லேப் ஆளையே வந்து பிடிக்கச் சொல்லுங்க, மேனேஜ்மெண்ட் அப்புறம் "நீங்க தப்பா பிடிச்சீங்க"ன்னு சொல்ல முடியாது. நீங்களே பிடிக்கிறதா இருந்தா கவனமா கேளுங்க. பைப் நுனியில சல்லடை, ரப்பர் எதாச்சும் இருந்தா கழட்டுங்க. ஆல்கஹால் பஞ்சுல வாயைச் சுத்தி உள்பக்கமும் துடைங்க. ரெண்டு மூனு நிமிஷம் ஒரே அளவா ஓட விடுங்க, நடுவுல திருகாதீங்க. கிருமிக்கு கொடுக்கிற பாட்டிலுக்குள்ள வெள்ளையா ஒரு துளித் தூள் இருக்கும், அது அழுக்கு இல்ல, சோடியம் தயோசல்ஃபேட், குளோரின உடனே முறிக்கிறதுக்காக போட்டது. இல்லன்னா லேப் வர்றதுக்குள்ள பாட்டில்லயே கிருமி செத்துடும், நமக்கு பொய்யா நல்ல ரிசல்ட் வரும். அதனால பாட்டில அலசாதீங்க, மூடி உள்பக்கத்த தொடாதீங்க, மூடிய தரையில வைக்காதீங்க, வாய் வரைக்கும் நிரப்பாம கொஞ்சம் இடம் விடுங்க. உடனே ஐஸ் பெட்டியில வச்சு அன்னைக்கே லேப்ல கொடுங்க. காலையிலயே பிடிங்க, சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல சில லேப் கிருமி சாம்பிள் வாங்க மாட்டாங்க, போன் பண்ணி கேட்டுக்கோங்க.

குளோரின அங்கயே நின்னு பார்க்கணும், பாட்டில்ல எடுத்துட்டு வந்தா போயிடும். ஈயத்துக்கு மட்டும் இதுக்கு நேர் எதிர், ராத்திரி பூரா யாரும் திறக்காத பைப்ல முதல் தண்ணிய ஓட விடாம பிடிக்கணும், அதுக்கு தனி பாட்டில் கேட்டு வாங்குங்க. ஒவ்வொரு பாட்டில்லயும் எந்த இடம், எத்தனை மணின்னு எழுதுங்க. போட்டோவும் எடுத்து வைங்க. கிருமி ரிசல்ட் வர குறைஞ்சது ஒரு நாள் ஆகும், வளர விட்டுத்தான் பார்க்கணும், அவசரப்படுத்தினாலும் முடியாது. ரிசல்ட் வந்ததும் இங்க போடுங்க, நான் படிச்சு சொல்றேன்.

பழைய_பிளம்பர்:
சனிக்கிழமை நானும் வர்றேன் தம்பி, செந்தூல் எனக்கு பக்கம்தான். நான் வர்றதுக்கு முன்ன யாரும் டேங்குக்குள்ள இறங்காதீங்க, எட்டி மட்டும் பாருங்க, மூடியிருந்த சக்‌ஷன் டேங்க்ல காத்து இருக்காது, மயங்கி விழுந்தவங்க இருக்காங்க. பம்ப் ரூம் சாவியும் சேர்த்து கேட்டு வாங்கி வை, டார்ச் லைட் நான் கொண்டு வர்றேன்.